திறக்கக் கூடாத பாட்டில்கள்

வெண்டல் ஸாஸ்ட்ரோவை அடக்கம் செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனுடைய பீர்க் கூட்டாளிகள் மூவரும் வந்து வாசல் மணியை அடித்தார்கள். மில்வாக்கிப் பக்கத்தில் சாவு வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். சுட்ட பன்றித்தொடையோ, சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டோ ஏதாவது ஒன்று கையில் இருக்கும். அப்படி வந்த தட்டுகளால் வெண்டலின் மனைவி டார்லினின் ஃப்ரிட்ஜ் இன்னும் பிதுங்கிக்கொண்டிருந்தது. இவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. ஆளுக்கொரு பெட்டி. உள்ளே பஞ்சு வைத்துப் பொதிந்த கண்ணாடிக் குவளைகள்.

"வெண்டலை நினைச்சு ஒரு வாய் குடிச்சுட்டுப் போகலாம்னு வந்தோம், டார்லின். அவன் இருந்தா இதைத்தான் விரும்பியிருப்பான்," என்றான் கிப் லண்ட்கிரன்.

கிப் வீடு விற்றுக்கொடுக்கிற தரகன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்ப்பான், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பான். அவனுக்குப் பின்னால் பிரெண்ட் ஹாஸ். பள்ளிக்கூடத்தில் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறவன். வயிறு அவனுக்கு ஓர் அடி முன்னால் உள்ளே வந்தது. கடைசியாக எல்ராய் பாங்க்ராட்ஸ். மருந்துக் கடைக்காரன், ஒல்லி. பனி ஒட்டிய தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டார்லினுக்குத் துணையாக வந்து தங்கியிருந்த தங்கை கிளெண்டா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்துட்டாங்களா? நான் அடக்கத்தன்னைக்கே அந்த பீரைக் கேப்பாங்கன்னு நினைச்சேன். பரவாயில்லக்கா, மரியாதை தெரிஞ்ச ஆளுங்கதான்."

டார்லின் அவளை அடக்கவில்லை. வாசலை மட்டும் விட்டு விலகி நின்றாள்.

மூவரும் நேரே நிலவறைக்கு இறங்கினார்கள். வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கேதான் வெண்டல் தன் பதினைந்து வருஷத்துச் சேமிப்பை வைத்திருந்தான். கருப்பு பீர். விஸ்கி இறக்கி முடித்த ஓக் பீப்பாய்களில் ஒரு வருஷம் ஊறவைத்து, வருஷத்துக்கு ஒரு தரம் மட்டும், நவம்பர் கடைசியில் வருகிற நன்றி நாளுக்கு மறுநாள் காலையில் விற்பார்கள். வெண்டல் முந்தைய இரவே போர்வையும் மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்துவிடுவான். மீசையில் பனி கட்டி, மூக்கு சிவந்து, கையில் நாலு பாட்டிலோடு திரும்புவான். ஒரு பாட்டில் முப்பது டாலர். கிப் ஒரு தடவை சொன்ன கணக்குப்படி, அதே பாட்டில் ஐந்து வருஷம் மூடியே கிடந்தால் நானூறு.

வார்ப்பட ஆலையில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன் சம்பளத்தில் அது சின்ன விஷயம் இல்லை. பின்பக்கக் கூரை ஒழுகுகிறது, சரிசெய்யணும் என்று டார்லின் சொல்லும்போதெல்லாம் "அடுத்த வசந்தத்துல" என்பான். அவள் ஒருநாள் எனக்கும் ஒரு வாய் ஊற்றேன் என்று கேட்டதற்கு, "உனக்குக் குடுத்தா வீண்டி, நீ பிராந்தியில சர்க்கரை போட்டுக் குடிக்கிறவ," என்று சிரித்தான். அவர்களுடைய இருபத்தைந்தாம் கல்யாண நாளில் அவனே ஒரு பாட்டிலை மேலே கொண்டுவந்து மேசையில் வைத்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும், இன்னும் நல்லாயிருக்கும்," என்று சொல்லித் திரும்பவும் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டான். ஜனவரியில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தபோது மண்வாரியோடு குப்புற விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

இப்போது கிப் அந்த அலமாரியின் முன்னால், கோயில் சன்னிதியில் நிற்பதுபோல் நின்றான். "அடேயப்பா," என்று மூச்சுக்குள் சொன்னான். பிறகு குனிந்து மூலைகளிலும் படிக்கட்டின் அடியிலும் தேடினான்.

"இந்த வருஷத்து நாலும் எங்க, டார்லின்?"

"எனக்குத் தெரியாது."

"வாங்கினானே. வரிசையில எனக்கு முன்னாடி நின்னான். அன்னைக்கே வந்து கேட்டப்ப, அப்புறம் தரேன்னான்."

"அவன் எங்க வெச்சானோ. எழுப்பித்தான் கேக்கணும்."

கிப் ஐந்து பாட்டில்களைத் தேர்ந்தெடுத்து மேலே கொண்டுவந்தான். சாப்பாட்டு மேசையில் டார்லினின் வெள்ளை விரிப்பின்மேல் வைத்தான். சுவரில் மாட்டியிருந்த வெண்டலின் படத்தைக் கேட்காமலேயே கழற்றிப் பாட்டில்களுக்கு நடுவில் சாய்த்து வைத்தான். அடக்கத்துக்காகச் சட்டம் போட்ட படம் அது.

"கொஞ்சம் இடது பக்கம் தள்ளு," என்றான் பிரெண்ட். "பாட்டில் மேல இருக்கிற வருஷம் மறையுது."

படம் இடது பக்கம் நகர்ந்தது. கிப் செல்பேசியில் பல தடவை எடுத்தான். அவர்களுடைய பீர் இணையக் குழுவில் போடுவதற்காம். வெண்டலின் முகம் பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வருஷம் தெளிவாகத் தெரிந்தது.

பிறகு சடங்கு தொடங்கியது. பாட்டில் வாயில் சிவப்பு மெழுகு. அதைக் கத்தியால் சுரண்டி எடுத்தான் கிப். மெழுகுத் துணுக்குகளைக் குப்பையில் போடாமல் ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டதை டார்லின் பார்த்தாள். ஏன் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை. குவளைகளில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஊற்றினார்கள். நுரையே வரவில்லை. வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெய் மாதிரி இருந்தது. மூவரும் மூக்கைக் குவளைக்குள் விட்டார்கள். பிரெண்ட் மூச்சிழுக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

"அத்திப்பழம்," என்றான் கிப், கண்ணை மூடிக்கொண்டு. "பழைய தோல் பை. அடியில லேசா புகையிலை."

"எனக்கு வெல்லப்பாகு வருதுடா. முடிக்கிறப்ப செர்ரி."

"எல்ராய், உனக்கு?"

"நல்லாயிருக்கு," என்றான் எல்ராய், குவளையைக் கீழே வைத்துக்கொண்டே.

கிளெண்டா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "பழைய தோல் பையைக் குடிக்கவா நானூறு டாலர்? என் வீட்டுக்காரனோட ஆலை பூட்ஸ் இருக்கு. பதினோரு வருஷம் ஊறினது. பாதி விலைக்குத் தரேன்."

பிரெண்ட் மட்டும் சிரித்தான். கிப் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

மேசைக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். டார்லின் தரை துடைக்கிற வாளி. குவளையில் மிஞ்சியதை அதில் கொட்டினார்கள். வாயில் வைத்துக் கொப்புளித்ததைத் துப்பினார்கள். பிறகு அடுத்த பாட்டில். ஒவ்வொன்றுக்கும் செல்பேசியில் மார்க் போட்டார்கள். ஐந்துக்கு நாலே முக்கால், நாலரை. நடுவில் பிரெண்ட் ஒரு தரம் குளியலறைக்குப் போய்விட்டு வந்தான். வாளியில் கருப்பு ஏறிக்கொண்டே போனது. மேலே எச்சில் குமிழ்கள் மிதந்தன. உதட்டோரம் கருப்புக் கோடு ஓடிய மூன்று ஆண்பிள்ளைகள். நடுவில் அவள் புருஷன் படம். டார்லின் ஒரு காலிக் குவளையை எடுத்து கிப்பின் முன்னால் நீட்டினாள்.

"எனக்கும் ஊத்து," என்றாள்.

கிப் தயங்கினான். "இது பழகின நாக்குக்குத்தான் பிடிபடும், டார்லின். இந்தப் பாட்டில் வேற இனிமே கிடைக்காது."

"என் புருஷன் வாங்கினது. என் வீடு. என் வாளி. ஊத்துடா."

ஊற்றினான். குழந்தைக்கு இருமல் மருந்து கொடுக்கிற அளவு. அவள் ஒரே வாயாக எடுத்துக்கொண்டாள். நாக்கில் பட்டதும் உடம்பு குலுங்கியது. ஸோயா சாஸ். அதற்குப் பின்னால் மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி. கடைசியில் துருப்பிடித்த காசை வாயில் போட்டதுபோல் ஒரு கசப்பு. அது தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்று நின்றது. அவளும் வாளியில் துப்பினாள்.

"இது கெட்டுப் போயிருக்கு," என்றாள்.

எல்ராய் விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தான்.

"கெட்டுப் போறதில்ல, வயசாகிறது," என்றான் கிப். "இதுக்குப் பழைய திராட்சை மதுவோட ஒரு சாயல் வரும். அதைத்தான் நீங்க—"

"கிப், நான் ஆலைக் கேண்டீன்ல இருபது வருஷம் சமைச்சவ. கெட்டது எது, வயசானது எதுன்னு என் மூக்குக்குத் தெரியும்."

கிப் குவளையைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். வீடு விற்கிறபோது பேசுகிற குரல் வந்தது.

"சரி, பேசிருவோம். கீழ மீதி இருக்கிறது மொத்தத்தையும் நான் எடுத்துக்கறேன். நல்ல விலை தரேன். உங்க பின்பக்கக் கூரையைப் பாத்தேன், தண்ணிக் கறை இறங்கியிருக்கு. அது சரியாகிற அளவுக்குத் தரேன். அப்புறம் கவலையில்லாம இருக்கலாம்."

"கெட்டதை வாங்கி நீ என்ன செய்வே?"

"வேற ஊர்ல கேக்கறவங்க இருக்காங்க."

"அவங்க குடிச்சா தெரியாதா?"

கிப் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "யாரு குடிக்கப் போறாங்க? திறந்தா விலை போயிடுமே. அவன் இன்னொருத்தனுக்குக் குடுப்பான், அந்த இன்னொருத்தன் வேற ஒருத்தனுக்கு. இது கை மாறிட்டே இருக்கும், டார்லின். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"யாராவது ஒருத்தன் திறந்தா?"

"திறந்தா நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவான். நானூறு டாலர் குடுத்தவன் வேற என்ன சொல்லுவான்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அவர்களை அனுப்பினாள். அந்தத் தொகை மனதில் ஓடாமல் இல்லை. கறை ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சமையலறைப் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

அவர்கள் போன பிறகு கை கழுவப் போன கிளெண்டா குளியலறையிலிருந்து கத்தினாள். கழுவு தொட்டி நிறையக் கருப்பு வாந்தி. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தது. வெண்டல் சவரம் செய்து முகம் துடைக்கிற துண்டு.

"அந்தத் தடியன்தான். கால்பந்துக்காரன். குடிச்சதைப் பூரா இங்க கொட்டிட்டு, வெளிய வந்து நாலே முக்கால்னு மார்க் போட்டான் பாரு!"

டார்லின் கையுறை போட்டுக்கொண்டு தொட்டியைக் கழுவினாள். துண்டை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டுக் கட்டி எறிந்தாள். பினாயில் ஊற்றியும் ஸோயா நாற்றம் போகவில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது உருளைக்கிழங்கிலும் அதே நாற்றம் அடித்தது.

செவ்வாய்க்கிழமை இரத்த அழுத்த மாத்திரை வாங்க எல்ராயின் கடைக்குப் போனாள். அவன் மாத்திரையை எடுத்துக் கொடுத்தான். அவள் காசு கொடுத்தாள். சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். பின்னால் வேறு யாரும் இல்லை என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

"டார்லின், கிப்புக்கு அதைக் குடுக்காதீங்க."

"ஏன், நீ எடுத்துக்கறியா?"

"சீச்சீ. எல்லாமே போயிடுச்சு. உங்க நிலவறையில அலமாரி உலைக்குப் பக்கத்துல இருக்கு. வீட்டைச் சூடாக்கற உலை. குளிர்காலம் பூரா அந்தச் சுவரு கொதிக்கும். அந்தச் சூட்டுல பீர் ரெண்டு வருஷம்கூடத் தாங்காது."

"இது எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

எல்ராய் சில்லறையை மேசைமேல் வைத்தான். "முதல் தடவை கீழ வந்தப்பவே தெரிஞ்சது. எங்க மூணு பேருக்கும். அந்த ஒரு சுவருதான் ஈரமில்லாம இருக்குன்னு வெண்டல் அங்க அலமாரி அடிச்சிருந்தான். சொல்லிருவோம்னேன். கிப் வேண்டாம்னான். அவன் சந்தோஷமா இருக்கான், ஏன் கெடுக்கணும்னான்."

"கிப்புக்கு அதுல என்ன?"

"வருஷா வருஷம் வெண்டல் வரிசையில நின்னு புதுசா வாங்கிட்டு வருவான் இல்ல? கிப் வந்து அதை எடுத்துட்டுப் போயி, பதிலுக்குத் தன்கிட்ட இருக்கிற பழசைக் குடுப்பான். பழசுதான் ஒசத்தின்னு வெண்டல் நம்பினான். அது ஏற்கெனவே செத்தது. புதுசு சூடாகிறதுக்கு முந்தி கிப் வீட்டுக்குப் போயிடும்."

பனி கட்டிய மீசையும் சிவந்த மூக்குமாக அந்த மனுஷன் வாசலில் வந்து நின்ற காலைகள் டார்லின் கண்முன் வந்தன. அவள் சூடாக சூப் வைத்துக் கொடுப்பாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் கிப் வந்து மணி அடிப்பான்.

"நீ ஏண்டா சொல்லல?"

"எனக்கும் வருஷத்துல ஒண்ணு குடுப்பான் கிப்," என்றான் எல்ராய். அவன் காது மடல்கள் சிவந்துபோயிருந்தன.

அவள் சில்லறையை எடுக்காமலேயே வெளியே வந்தாள். ஏரிக்காற்று முகத்தில் அறைந்தது. வாயில் ஊறிய எச்சிலை நடைபாதைப் பனியில் துப்பினாள். ஐம்பத்தாறு வயதில் தெருவில் துப்பினது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குத் திரும்பும்போது வழியில் வண்டி பனியில் வழுக்கிச் சக்கரம் சுற்றியது. சக்கரத்தின் கீழே போடுவதற்கு வெண்டல் டிக்கியில் எப்போதும் ஒரு மூட்டை உப்பு வைத்திருப்பான். இறங்கி டிக்கியைத் திறந்து மூட்டையைத் தூக்கினாள். அடியில் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி நாலு பாட்டில். இந்த வருஷத்து மெழுகு பச்சை நிறம். நவம்பரிலிருந்து குளிரிலேயே கிடந்திருக்கின்றன. இந்தத் தடவை கிப்பிடமிருந்து ஒளித்துவைத்தானா, அல்லது மறந்துவிட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

சமையலறையில் கிளெண்டா ஒரு பாட்டிலைக் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினாள். பழுப்பு நுரை கட்டி எழும்பியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எடுத்துக் குடித்தார்கள்.

காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை. தடித்த சாக்லெட். பின்னாலேயே, கணப்பில் மரம் எரிகிறபோது வருகிற ஒரு கதகதப்பு நெஞ்சுக்குள் இறங்கி அங்கேயே தங்கியது.

"நல்லாத்தான் இருக்கு, சனியன்," என்றாள் டார்லின்.

"முப்பது டாலருக்கா?"

டார்லின் இன்னொரு வாய் குடித்துவிட்டு யோசித்தாள். "பத்துக்குக் குடுத்தா சந்தோஷமா வாங்குவேன். முப்பதுக்கு வருஷத்துல ஒரு தடவை, நாலு பேரு பகிர்ந்து குடிச்சா, சரி, போகட்டும். நானூறுக்கு இந்த உலகத்துல குடிக்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது."

டம்ளரைக் கீழே வைத்தாள். "இதை வாங்கின அன்னைக்கே வீட்டுக்கு வந்து திறந்திருந்தா என்ன? பதினஞ்சு வருஷம்! ஒவ்வொரு வருஷமும் நாங்க ரெண்டு பேரும் இந்த மேசையில உக்காந்து இதைக் குடிச்சிருக்கலாம் கிளெண்டா. செத்ததை வாங்கி உலை பக்கத்துல வெச்சுக் காவல் காத்திருக்கான். நல்லதை அந்தத் திருட்டுப் பயலுக்குத் தாரை வாத்திருக்கான். எனக்குக் குடுத்தா வீணாம்!"

செத்தவனைத் திட்டக்கூடாது என்று கிளெண்டா சொல்லவில்லை. டம்ளரில் மீதியை ஊற்றினாள்.

டம்ளர் காலியானதும் டார்லின் நிலவறைக்கு இறங்கினாள். தரை நடுவில் தண்ணீர் போகிற துளையின் மூடியை நெம்பி எடுத்தாள். பாட்டில் பாட்டிலாக மூடியைப் பிடுங்கி ஊற்றினாள். மெழுகு நகக்கண்ணில் ஏறியது. சில பாட்டில்கள் புளித்த மோர் மாதிரி நாறின, சில பழைய பெயின்ட் மாதிரி. ஒன்றிலிருந்து கெட்டியாக, மூக்குச்சளி போல ஒன்று தொங்கி இறங்கியது. கிளெண்டா வாயைப் பொத்திக்கொண்டு மேலே ஓடினாள். டார்லின் ஓடவில்லை. குமட்டலை விழுங்கிக்கொண்டு கடைசிப் பாட்டில்வரை நின்று ஊற்றினாள். காலிப் பாட்டில்களை அட்டைப்பெட்டிகளில் போட்டு கார் நிறுத்துகிற கொட்டகைக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் கிப்புக்கு போன் செய்து சொன்னாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை.

"பாட்டில்களைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இன்னும் இல்ல."

"இருக்கட்டும், இருக்கட்டும். தொடாதீங்க. நான் வந்து எடுத்துக்கறேன். வெண்டல் ஞாபகமா வீட்டுல ஒரு அலமாரியில வரிசையா வெக்கணும். மூடியும் இருக்கா? மெழுகு?"

மடித்து வைத்துக்கொண்ட காகிதம் ஞாபகம் வந்தது. டார்லின் எல்ராயின் கடைக்கு போன் செய்தாள். ஒரே கேள்விதான் கேட்டாள். எல்ராய் கொஞ்சம் திக்கித் திணறிச் சொன்னான். காலிப் பாட்டில் கிடைத்தால் கடையில் விற்கிற சாதாரணக் கருப்பு பீரை ஊற்றி, மூடி அடித்து, அதே நிற மெழுகை உருக்கி முக்கிவிடலாம். பழைய மெழுகு கொஞ்சம் சேர்த்தால் நிறம் அச்சாகப் பொருந்தும். கிப் அப்படிச் செய்கிறான் என்று தான் சொல்லவில்லை. செய்கிறவர்கள் உண்டு, அவ்வளவுதான் என்றான்.

அரை மணியில் கிப்பின் வண்டி வாசலில் வந்து நின்றது. பின்னிருக்கைகளை மடக்கி, துணி விரித்து, இடம் தயாராக வைத்திருந்தான். டார்லின் கொட்டகையில் இருந்தாள். வெண்டலின் பெரிய சுத்தியல் அவள் கையில். மறுசுழற்சிக்குப் போகிற நீலத் தொட்டி அவளுக்கு முன்னால் திறந்திருந்தது.

"டார்லின், வேண்டாம்—"

முதல் பாட்டிலைத் தொட்டிக்குள் போட்டு ஓங்கி அடித்தாள். கண்ணாடி சிதறியது.

"என்ன பண்றீங்க! அது வெண்டலோட உழைப்பு!"

"உழைப்பு ஊத்திப் போச்சு. இது சீசா."

அடுத்தது. அதற்கடுத்தது. கிப் பெட்டியை நோக்கிப் பாய்ந்தான். சுத்தியல் உயர்ந்ததும் நின்றுவிட்டான். "அது ரெண்டாயிரத்துப் பத்து... ஐயோ, அது முந்நூறு போகும்... நீ ஒரு பைத்தியக்காரி! அவன் உசுரா வெச்சிருந்ததை உடைக்கறியே!" நீங்க என்பது நீ ஆனதை அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

"அவன் சூப் குடிச்சு முடிக்கிறவரைக்கும்கூட நீ ஒரு நாளும் பொறுத்ததில்ல, கிப்," என்றாள். "இதுக்கும் நீ பொறுக்க மாட்டேன்னு தெரியும். அதான் நீ வர்ற வரைக்கும் காத்திருந்தேன்."

எல்லாம் உடைந்ததும் சுத்தியலைச் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தாள். கிப் தொட்டிக்குள் குனிந்து நின்றான். உடைந்த கழுத்துகளில் ஒட்டியிருந்த மெழுகைப் பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தான். விரலில் இரத்தம் வந்தது. வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறுபடி சுரண்டினான். அவள் திரையை இழுத்துவிட்டாள்.

அவர்கள் குழுவில் கிப் அவளைப் பற்றி எழுதினான். துக்கத்தில் புத்தி கலங்கிப் புருஷனின் பொக்கிஷத்தை அழித்தவள் என்று. முன்பின் தெரியாத ஆட்கள் போன் செய்து திட்டினார்கள். ஒருவன் அழவே செய்தான். கிளெண்டா இரண்டு மூன்று பேருக்குச் சூடாகப் பதில் கொடுத்தாள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டாள். கூரைக்கு டார்லின் ஆலைச் சங்கத்தில் கடன் கேட்டாள். கிடைத்தது. எல்ராய் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு, மாத்திரை வாங்க இன்னும் கொஞ்சம் தூரம் வண்டி ஓட்டினாள்.

ஈஸ்டருக்கு முந்தின ஒரு வெள்ளிக்கிழமை, ஊர்ச் சங்கக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. கூட்டம் நெரிந்தது. டார்லினும் கிளெண்டாவும் தட்டில் மீனும் கோசும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு நீள மேசையில் உட்கார்ந்தார்கள். பிரெண்ட் ஹாஸ் மேசைக்கு மேசை நின்று கைகுலுக்கிக்கொண்டே வந்தவன், டார்லினின் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தான். அவன் மூச்சில் எண்ணெயும் வெங்காயமும் அடித்தது.

"டார்லின், நடந்ததெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. கிப் பண்ணினது ரொம்பத் தப்பு. நான் அவன்கிட்டப் பேசறதே இல்ல இப்ப."

"சரி."

"அப்புறம்..." குரலைத் தாழ்த்தினான். "வண்டி டிக்கியில இந்த வருஷத்து பாட்டில் கிடைச்சுதாமே? யாரோ சொன்னாங்க."

டார்லின் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். கிளெண்டா கோசை மும்முரமாகக் கிளறினாள்.

"கிடைச்சுது," என்றாள் டார்லின். "ஒண்ணு குடிச்சுட்டோம். மூணு ஃப்ரிட்ஜுல இருக்கு, பால் பக்கத்துல."

பிரெண்டின் நாக்கு மேலுதட்டை ஒரு தரம் நக்கியது. "மூணுமேவா? நீங்க... அதை என்ன செய்யறதா..."

"குடிக்கப் போறேன்."

"எப்ப?"

"தாகம் எடுக்கிறப்ப."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மீன் ஆறிப்போயிருந்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டு சாப்பிடத் தொடங்கினாள்.